கமலவேணி அக்காவின் சாப்பு

காலை பத்து மணி இருக்கும். அலோர் காஜாவில் எங்கள் கிளினிக்கில், முழங்காலில் அறுவை செய்துகொண்ட ஒரு சீனப் பெரியவரின் காலை மடக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். கைப்பேசி இரண்டு முறை அதிர்ந்து அடங்கியது. மூன்றாம் முறை எடுத்தேன். கமலவேணி அக்காவின் மகள் யாழினி.

“அங்கிள், அம்மா போய்ட்டாங்க. துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தாங்க. அப்படியே உக்காந்துட்டாங்க அங்கிள்.”

அந்தப் பெரியவரின் காலை மெதுவாகத் தலையணை மேல் வைத்தேன். யாருக்கு என்ன ஆயிற்று என்று அவர் மலாயில் கேட்டார். என் அக்கா இறந்துவிட்டார் என்றேன். கூடப் பிறந்த அக்கா இல்லை. பதினைந்து வருடம் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் நோயாளிகளைப் பார்த்த அக்கா. அதையெல்லாம் மலாயில் விளக்கிச் சொல்ல எனக்கு அன்று தெம்பு இல்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சிறு நினைவு மலர் அச்சிடுவதாகச் சொல்லி, யாழினி என்னிடம் இரண்டு பக்கம் எழுதித் தரும்படி கேட்டாள். “அம்மாகூட ரொம்ப வருசம் வேல செஞ்சது நீங்கதான்” என்றாள். இரண்டு பக்கத்தில் இது முடியாது. அக்காவின் மேல் ஐந்து வருடமாக ஒரு பழி இருக்கிறது. இதைப் படிக்கப் போகும் பலருக்கு அது தெரியும். சிலர் அதைப் பற்றிப் பேசியும் இருக்கிறீர்கள். அந்தப் பழி அவருடையது அல்ல. அக்கா இறந்த நாள் வரை, அது யாருடையது என்று அறிந்திருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவரை இரண்டு வாரத்துக்கு முன் எரித்துவிட்டு வந்தோம். மிச்சம் இருப்பவன் நான்.

அக்காவை அறியாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

கமலவேணி அவர்கள் அலோர் காஜாவை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் குடும்பத்தில் பிறந்தவர். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்து, பிறகு டவுன் பள்ளிக்குப் போய், அரசாங்கச் செலவில் பிசியோதெரபி டிப்ளோமா முடித்தார். சில காலம் ஆஸ்பத்திரியில் வேலை செய்துவிட்டு இந்தத் தனியார் கிளினிக்குக்கு வந்தார். கணவர் சாலை விபத்தில் இறந்தபோது யாழினிக்கு நான்கு வயது. டுரியான் துங்காலில் ஒரு தாமான் குடியிருப்பு வீட்டில் தாயும் மகளுமாக இருந்தார்கள்.

நான் கோலாலம்பூரில் பட்டம் வாங்கிக்கொண்டு இங்கே வந்தவன். அக்கா என்னைவிட நான்கு வயதுதான் மூத்தவர். டிப்ளோமாக்காரரிடம் நமக்கு என்ன பேச்சு என்கிற திமிர் எனக்கு அன்று நிறையவே இருந்தது. முதல் நாள் வாசலில் நான் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தேன். அக்கா அதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“தேவா, உன் சப்பாத்து இடது பக்கம் தேஞ்சிருக்கு. ரொம்ப நாளா இடுப்பு வலிக்குது, வெளிய சொல்லல. சரிதானே?”

சரிதான். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்த பழைய அடி. எனக்குப் பாடம் நடத்திய எந்த விரிவுரையாளரும் கண்டுபிடிக்காததை என் காலணி இவரிடம் சொல்லிவிட்டதே என்று எரிச்சலாக வந்தது. அன்று மத்தியானமே அவர் என்னைக் கட்டிலில் படுக்கவைத்து இடுப்பைச் சரிசெய்தார். நன்றி சொன்னேனா என்பது எனக்கு நினைவில்லை.

குதிரை விஷயம் பிறகுதான் வந்தது. ஒரு மலாய் அம்மா முதுகு வலி என்று மூன்று வாரத்துக்கு ஒரு முறை வந்துகொண்டிருந்தார். டுரியான் துங்கால் பக்கம் ஒரு குதிரை லாயத்தில் சவாரி சொல்லிக்கொடுப்பவர். அக்கா பார்த்துவிட்டால் வலி போகும். மூன்று வாரத்தில் திரும்ப வரும். மூன்றாவதோ நான்காவதோ முறை, அக்கா என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு லாயத்துக்கே போய்விட்டார்.

அங்கே குதிரைகளைப் பராமரிக்கிறவர் முனியாண்டி அண்ணன். குதிரைக்காரரை இங்கே எல்லோரும் சைஸ் என்பார்கள். அறுபது வயதைத் தாண்டியவர். நாங்கள் எதற்கு வந்திருக்கிறோம் என்று கேட்டவர், உள்ளே போய், சேணத்துக்கு அடியில் விரிக்கும் துணியைக் கொண்டுவந்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

“இங்க பாருங்க, வலது பக்கம்தான் நூல் நூலா போகுது. அந்தம்மா வலது பக்கம் அழுத்தி உக்கார்றாங்க. குதிரைக்கும் வலதுலதான் புண்ணு. குதிரைக்கு மருந்து போடறேன், அந்தம்மாவுக்கு நீங்க போடறீங்க. ரெண்டும் ஒரே வியாதி.”

திரும்பி வந்து கிளினிக் வாசலில் காரை நிறுத்தியபின் அக்கா சொன்னார்: “கட்டில்ல படுக்க வெச்சா எல்லாரும் நேராத்தான்லா இருக்காங்க. நாம தப்பான எடத்துல பாத்துக்கிட்டு இருக்கோம் தேவா.”

அந்த ஆண்டுதான், குதிரையேறிகளுக்குச் சிகிச்சை செய்யும் பிசியோக்களுக்கான பயிற்சி ஒன்றில் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கணினி முன்னால் பாடம். விடுமுறை எடுத்துக்கொண்டு ஜொகூரில் ஒரு சவாரி மையத்தில் நேர்முகப் பயிற்சி. கடைசியில், தாம் சிகிச்சை செய்த சவாரிக்காரர்களைப் பற்றி அறிக்கைகள் எழுதிக் கொடுத்தால்தான் சான்றிதழ். மலாக்காவில் குதிரை ஏறுகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், இதற்கு எதற்கு இத்தனை பாடு என்று நான் கேலி செய்தேன். “எண்ணிட்டா நல்லதுதானே, ஒருத்தரையும் விடாம பாக்கலாம்” என்றார்.

அந்தப் பயிற்சியில் ஒரு விதி உண்டு. சிகிச்சை செய்கிறவர் தாமும் குதிரை ஏற வேண்டும். நாற்பத்து மூன்று வயதில், டிராக் பேண்டும் யாழினியின் சைக்கிள் தொப்பியும் போட்டுக்கொண்டு, முனியாண்டி அண்ணன் பிடித்து நிறுத்திய பெண் குதிரையின் முன்னால் அக்கா நின்றார். அதன் பெயர் மானிஸ். ஏறுவதற்கு முன் அதன் கழுத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மேலே உட்கார்ந்தவுடன் முகம் வெளிறிவிட்டது. “முருகனைத் தவிர ஒண்ணும் ஞாபகம் வரல” என்று பிற்பாடு சொன்னார். கால் வைக்கும் வளையங்களை எடுத்துவிட்டு, உட்காரும் எலும்பு இரண்டும் சேணத்தில் சமமாகப் படுகிறதா என்று உணரச் சொல்வார்கள். அக்கா சமமாகத்தான் இருப்பதாக நினைத்தார். மானிஸ் மட்டும் இடது பக்கமே வட்டம் போட்டுக்கொண்டிருந்தது.

நான் பின்னாலிருந்து எடுத்த வீடியோவைப் பல முறை பார்த்தார். இடது தோள் இறங்கி, இடுப்பு அதோடு சரிந்திருந்தது. “சின்னப்புள்ளையில அம்மாவுக்குப் பால் வாளி தூக்குவேன், இந்தக் கையிலதான். நான் மறந்துட்டேன். இந்தக் குதிரை கண்டுபுடிச்சிருச்சி பாரு” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கண் மட்டும் கலங்கியிருந்தது.

பிறகு கிளினிக்கின் பின்னறையில் ஒரு நீலப் பிளாஸ்டிக் தோங்கைப் படுக்கவைத்து, பழைய டயர்களை முட்டுக் கொடுத்து, அண்ணன் தந்த கிழிந்த சேணத்தை அதன் மேல் கட்டினார். தண்ணீர் பிடித்துவைக்கும் அந்தப் பீப்பாய்க்கு நாங்கள் கமலா குதிரை என்று பெயர் வைத்தோம். சவாரிக்காரர்களின் முதுகில் நேராக ஒன்றும் இடுப்பில் குறுக்காக ஒன்றுமாகச் சிவப்பு டேப் ஒட்டி, அதில் உட்காரவைத்துப் பார்ப்பார். அடுத்த வாரம் லாயத்துக்குப் போய், உண்மையான குதிரை மேல், நடையிலும் ஓட்டத்திலும், வலப்பக்கம் ஒரு சுற்று இடப்பக்கம் ஒரு சுற்று பார்ப்பார். அடிபட்டவர் திரும்பவும் சவாரி செய்யலாம் என்று லாயத்துக்குக் கடிதம் கொடுக்கும் பொறுப்பும் அவருக்கே வந்தது. ரப்பர் முத்திரையை இங்கே சாப்பு என்போம். லாயத்துக்காரர்கள் ‘கமலவேணி’ என்கிற சாப்பு இருந்தால்தான் அந்தக் கடிதத்தை ஏற்பார்கள்.

“கட்டில்ல ஒரு தடவ, தோங் மேல ஒரு தடவ, குதிரை மேல ஒரு தடவ. மூணையும் பாக்காம சாப்பு கெடையாது.” இதைச் சலிப்பு வரும் அளவுக்குச் சொல்வார். எனக்குச் சலித்தும் விட்டது.

தங்கா பத்துவிலிருந்து ஷர்மிளா என்ற பெண் வந்துகொண்டிருந்தாள். அப்போது அவளுக்குப் பதினெட்டு வயது. தடை தாண்டும் சவாரியில் நம் பிள்ளைகளில் அவள் அளவுக்கு வந்தவர்கள் இந்தப் பக்கம் கிடையாது. அப்பா ராஜேந்திரன் அவர்கள் லாரி ஓட்டுகிறவர். மகளைக் குதிரை ஏறவைக்க அந்த மனிதர் பட்ட பாடு கோயிலில் எல்லோருக்கும் தெரியும். ஒரு சிறு வீழ்ச்சியில் ஷர்மிளாவின் வலது இடுப்பு அடிபட்டு, அக்காவிடம் சில மாதமாகச் சிகிச்சை நடந்தது.

ஜொகூரில் இரண்டாம் கட்டப் பயிற்சிக்கு அக்கா பத்து நாள் போக வேண்டியிருந்தது. போகும் முன் என்னிடம் சொன்னார்: “ஷர்மிளா நல்லாத்தான் இருக்கா. ஆனா இடது பக்கம் திரும்புறப்ப வலது கால ஒளிச்சி வெச்சிக்கிறா. குதிரை மேல பாத்தாத்தான் தெரியும். லெட்டர நான் வந்து குடுக்கறேன்.”

வியாழக்கிழமை மாலை ராஜேந்திரன் அவர்கள் மகளோடு வந்தார். சனிக்கிழமை தேர்வுப் போட்டி என்று திடீரென அறிவித்திருந்தார்கள். “இது போச்சின்னா அடுத்த வருசம்தான் சார். ஒரு தடவ பாருங்க. நல்லா இல்லன்னா நானே கூட்டிக்கிட்டுப் போயிடறேன்” என்றார். கையில் லாரிச் சாவியை வைத்து உருட்டிக்கொண்டே நின்றார்.

ஷர்மிளாவைக் கட்டிலில் படுக்கவைத்துப் பார்த்தேன். இரண்டு காலிலும் ஒரே பலம். எந்தப் பக்கம் திருப்பினாலும் வலி இல்லை. தோங் மேல் உட்காரவைத்து டேப் ஒட்டினேன். கோடு நேராக இருந்தது. தோங் ஓடாது, திரும்பாது என்பது எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். பட்டம் வாங்கியவன் நான் பார்த்துவிட்டேன், இது போதும் என்று நினைத்தேன்.

“கமலா மேடம் சாப்பு இல்லாம லாயத்துல எடுத்துக்க மாட்டாங்களே சார்” என்றார்.

“அக்காகிட்ட போன்ல பேசிட்டேன். சரின்னு சொல்லிட்டாங்க” என்றேன்.

நான் பேசவில்லை. பேசினால் வேண்டாம் என்பார் என்று தெரிந்துதான் பேசவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து அவருடைய சாப்பை எடுத்துக் கடிதத்தில் குத்தினேன். அந்தப் பெண்ணின் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து, பெரிய நல்ல காரியம் செய்துவிட்டதாக எனக்குப் பெருமைகூட வந்தது.

சனிக்கிழமை, இரண்டாவது தடையைத் தாண்டி இடது பக்கம் திரும்பும்போது ஷர்மிளா விழுந்தாள். வலது கால் பிடிக்கவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது.

திங்கட்கிழமை கிளினிக் முதலாளியின் அறையில் கூடினோம். ராஜேந்திரன் அவர்கள், லாயத்திலிருந்து ஒருவர், ஜொகூரிலிருந்து பாதிப் பயிற்சியில் திரும்பி வந்த அக்கா, நான். முதலாளி கடிதத்தை அக்காவிடம் நீட்டினார்.

“போன்ல சரின்னு சொன்னீங்களா?”

அக்கா கடிதத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அதுதான் என் வாழ்க்கையில் நான் செய்த ஆகக் கேவலமான காரியம். பொய் சொன்னதுகூட அதற்கு அடுத்தபடிதான்.

“ஆமா. சொன்னேன்” என்றார் அக்கா.

ராஜேந்திரன் அவர்கள் எழுந்து நின்று பேசியதை இங்கே எழுதப் போவதில்லை. பாக்காமலே சாப்பு குத்தச் சொல்லிவிட்டு ஊர் சுற்றுகிறவர் என்று அன்று அவர் சொன்னதுதான் பிறகு ஊர் முழுக்கச் சுற்றியது.

பின்கட்டில் தேநீர் கலக்கும் இடத்தில் அக்காவிடம் போனேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

“பேசாத. உனக்காகச் சொல்லல. உன் மூஞ்சியப் பாக்கவே எனக்குப் புடிக்கல” என்றார். “நீதான்னு சொன்னா இன்னிக்கே உன்ன அனுப்பிருவாங்க. லெட்டர்ல இருக்கறது என் சாப்பு, அத பூட்டாம வெச்சிட்டுப் போனது நானு; யாரு குத்தினாலும் என்னை அந்தப் புள்ள பக்கம் இனிமே அவங்கப்பா விடமாட்டாரு. அப்ப அவள யாரு நடக்க வெக்கிறது? நீ சொல்லு. யாரு?”

அப்படித்தான் நடந்தது. அறுவை முடிந்து ஷர்மிளா எங்களிடமே வந்தாள். அந்தப் பெண்மணி என் மகளைத் தொடக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டதால் நான் பார்த்தேன். பார்த்தது நான் என்பதும் பாதிப் பொய். செவ்வாயும் வெள்ளியும் அவள் வரும் நேரத்தில், அக்கா பின்கட்டில் திரைக்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். நான் வெந்நீர்ப் பை எடுக்கிற சாக்கில் உள்ளே போவேன். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லி அனுப்புவார். அந்தப் பெண்ணை அவரால் பார்க்க முடியாது. தரையில் அவள் காலடி விழும் சத்தத்தை வைத்தே கணக்குப் போடுவார்.

“வலது காலு இழுக்குது. கேக்குதா? குதிகால் முதல்ல விழல. இன்னிக்குப் படி ஏறவெக்காத.”

ஷர்மிளா தடி இல்லாமல் நடந்த நாளன்று, திரையை விலக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். அக்கா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். “பதினோரு அடி. இன்னும் கொஞ்சம் இழுக்குது” என்றார். பிறகு கோப்பையைக் கழுவத் தொடங்கினார். குழாய் வெகு நேரம் ஓடியது.

அந்தத் தீபாவளிக்கு ராஜேந்திரன் அவர்கள் எனக்குப் பலகாரம் கொண்டுவந்தார். “அந்தம்மா கெடுத்தத நீங்க சரி பண்ணிட்டீங்க சார்” என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நான் வாங்கிக்கொண்டேன். பின்கட்டில் கொண்டுபோய் வைத்தேன். அக்கா ஒரு முறுக்கை எடுத்துக் கடித்து, “நல்லாத்தான்லா இருக்கு” என்றார்.

அன்றுதான் நான் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்றேன். அக்கா தலையை ஆட்டினார்.

“இப்ப வேணாம். அவ உன்ன நம்பித்தான் காலை எடுத்து வெக்கிறா. நல்லா ஆகட்டும். ஆன பெறகு நீயே போய்ச் சொல்லு. நான் உன்கிட்ட ஞாபகப்படுத்த மாட்டேன்.”

ஷர்மிளா நன்றாக ஆகி மூன்று வருடம் ஆகிறது. லேசாக நொண்டுகிறாள். கார் ஓட்டுகிறாள், டவுனில் ஓர் ஆபிசில் வேலை செய்கிறாள். குதிரை மட்டும் ஏறுவதில்லை. நான் போய்ச் சொல்லவில்லை. முதல் வருடம் பயமாக இருந்தது. இரண்டாம் வருடம், இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று பயமாக இருந்தது. மூன்றாம் வருடம் பழகிவிட்டது. அக்கா ஒரு முறையும் ஞாபகப்படுத்தவில்லை.

இதற்கிடையே அவருக்கு என்ன ஆயிற்று என்றால், லாயத்தின் கதவு மூடிவிட்டது. சவாரிக்காரர் ஒருவரும் வரவில்லை. பயிற்சிக்கு எழுத வேண்டிய அறிக்கைகள் நின்றுபோயின. சான்றிதழ் வரவில்லை. பக்கவாதம் வந்த பெரியவர்களுக்குக் கை கால் நீவிவிடும் வேலையே அவருக்குக் கொடுக்கப்பட்டது. அதையும் முகம் கோணாமல் செய்தார். தோங்கின் மேல் வாரத்துக்கு ஒரு முறை தூசி தட்டுவார். போன வருடம் கோயில் திருவிழாவில் அன்னதானம் பரிமாறிக்கொண்டிருந்தார். வரிசையில் வந்த ராஜேந்திரன் அவர்கள், அக்கா கரண்டியை நீட்டியவுடன் தட்டை இழுத்துக்கொண்டு அடுத்தவரிடம் போனார். சாம்பார் மேசையில் சிந்தியது. நூறு பேராவது பார்த்திருப்பீர்கள். அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றவன் நான். எனக்கும் அக்காதான் சோறு போட்டார்.

தகனம் முடிந்த மூன்றாம் நாள் யாழினி ஒரு ஃபைலை என்னிடம் கொடுத்தாள். “ஆபிஸ் பேப்பர் போல இருக்கு அங்கிள்” என்றாள். பயிற்சிக்கான அறிக்கைகள். கடைசி அறிக்கை ஷர்மிளாவைப் பற்றியது. பின்கட்டில் உட்கார்ந்து காதால் கேட்டதையெல்லாம் வாரம் வாரமாகத் தம் உருண்டைக் கையெழுத்தில் எழுதியிருந்தார். எந்த வாரம் குதிகால் விழுந்தது, எந்த வாரம் அடி நீண்டது, எல்லாம். சிகிச்சை செய்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதியிருந்தார். முடிவு என்ற இடத்தில் ஒரே வரி: ‘குதிரை மேல் இன்னும் பார்க்கவில்லை.’ அதற்குக் கீழே கையெழுத்துக்கும் சாப்புக்கும் விட்ட கட்டங்கள் காலியாக இருந்தன. கண்ணால் பார்க்காத ஒன்றுக்கு அவர் சாப்பு குத்தவில்லை. அதை எழுதி அவருக்கு ஒரு பயனும் இல்லை என்று தெரிந்த பிறகும் குத்தவில்லை.

அந்த ஃபைலை எடுத்துக்கொண்டு போன ஞாயிறு தங்கா பத்துவுக்குப் போனேன். ராஜேந்திரன் அவர்கள் வாசலில் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். போன் பேசவில்லை என்பதை, நான்தான் குத்தினேன் என்பதை, திரைக்குப் பின்னால் யார் இருந்தார் என்பதை.

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். குழாயை மூடிவிட்டு, அறிக்கையை வாங்கி, ஈரக் கையோடு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

“கோயில்ல தட்ட இழுத்துக்கிட்டேன் சார்” என்றார். “அந்தம்மா கரண்டிய புடிச்சிக்கிட்டே நின்னாங்க. நீங்க அப்ப எனக்குப் பின்னாடிதான் நின்னீங்க. இப்ப வந்து சொல்றீங்களே, நான் யாருகிட்ட போய்ச் சொல்லுவேன்?”

அறிக்கையை அவர் கையிலேயே விட்டுவிட்டேன்.

ஷர்மிளா உள்ளேயிருந்து வந்து கதவருகே நின்றிருந்தாள். “திரைக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்குன்னு எனக்குத் தெரியும் அங்கிள். தேத்தண்ணி கலக்குற சத்தம் கேக்கும். நான் நடக்க ஆரம்பிச்சா நின்னுரும்” என்றாள். பிறகு, “அவுங்கதானா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் அப்பாவின் கையிலிருந்து அறிக்கையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். என்னைப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அவள் கிளினிக்குக்குத் தனியாக வந்தாள். நேராகப் பின்னறைக்குப் போய், அந்த நீலத் தோங்கின் பக்கத்தில் நின்று, சேணத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். ஏறவில்லை. பிறகு திரும்பிப் போனாள். நான் பின்கட்டில், அக்காவின் ஸ்டூலில், கண்ணை மூடி அவள் காலடியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வலது கால் இன்னும் இழுக்கிறது. எனக்கு அன்றுதான் அது தானாகவே காதில் விழுந்தது.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் முதலாளியிடமும் லாயத்தாரிடமும் நேரில் சொல்லிவிட்டேன். எனக்கு என்ன நடக்குமோ நடக்கட்டும். யாழினியிடமும் படித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்து, “அப்படியே போடுங்க அங்கிள். ஒரு எழுத்தும் மாத்தாதீங்க” என்று மட்டும் சொன்னாள். என்னைச் சாப்பிட்டுப் போகச் சொல்லவில்லை.

அக்கா, நீங்கள் ஞாபகப்படுத்த மாட்டேன் என்றீர்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டீர்கள். எனக்குத் தைரியம் வருவதற்கு நீங்கள் போக வேண்டியிருந்தது. உங்கள் சாப்பு என் மேசையில் இருக்கிறது. மை காய்ந்துவிட்டது. நாளை மறுநாள் காரியத்தன்று அதை யாழினியிடம் கொடுத்துவிடுவேன். போய் வாருங்கள் அக்கா. இந்தக் கடிதத்துக்குக் கீழே இருப்பது என்னுடைய கையெழுத்து.

தேவராஜ்
அலோர் காஜா